சதுர அடிக்கு 62, 85, 118: எந்தக் கொட்டேஷனை நம்புவது?

கேள்வி: நான் கோவில்பட்டி பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். 40-க்கு 60 மனையில் வீடு கட்டி நான்கு வருடம் ஆகிறது, சுற்றிலும் வெறும் மண்தான். மழை பெய்தால் கரிசல் சேறு செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கார்த்திகையில் மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம், அதற்குள் பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்று மூன்று கான்ட்ராக்டர்களிடம் கேட்டேன். ஒருவர் சதுர அடிக்கு 62 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 85, மூன்றாமவர் 118, ஜி.எஸ்.டி. தனி. மூன்று பேருமே மொத்தம் 1,300 சதுர அடி வரும் என்கிறார்கள். நகையை அடகு வைத்து 1.8 லட்சம் வாங்கலாமா, இல்லை 2 லட்சம் ரூபாய் எஃப்.டி.யை உடைக்கலாமா? யாரிடம் வேலையைக் கொடுப்பது? வீட்டு பிளானையும் மூன்று கொட்டேஷனையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: டீச்சர், நகைக்கடனா எஃப்.டி.யா என்பதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். எவ்வளவு பணம் வேண்டும் என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று கான்ட்ராக்டருக்கும் தெரியாது, அதுதான் விஷயம். நீங்கள் அனுப்பிய மூன்று தாளையும் பார்த்தேன். மூன்றும் மூன்று வேறு வேலைக்கான விலை, ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

62 ரூபாய்க்காரர் இருக்கிற மண்ணை மட்டம் பண்ணி, மேலே டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கிற இடத்துக் கல் தூள் தூவி, 60 மி.மீ. கல்லை அடுக்கிவிட்டுப் போகிற கணக்கில் எழுதியிருக்கிறார். 85-இல் கல்லின் கனமே இல்லை, 'பேவர் பிளாக் வித் லேபர்' என்று ஒரே வரி. 118-இல் 80 மி.மீ. கல், கீழே ஆறு அங்குலம் சரள் என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் அடியில் சின்ன எழுத்தில் ஓரக்கல்லுக்கு 'கர்ப் ஸ்டோன் 240 ரன்னிங் ஃபீட், அடிக்கு ரூ.70 தனி' என்று ஒரு வரி ஓடுகிறது பாருங்கள். அதையும் சேர்த்து, அதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டால் 2,00,836 ரூபாய். நீங்கள் வாங்கப்போகிற 1.8 லட்சம் அதற்கே பற்றாது.

சரி, முதலில் 1,300-ஐப் பார்ப்போம். இவர்கள் யாராவது டேப் பிடித்து அளந்தார்களா? காலால் நடந்து எட்டு வைத்துப் பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் பிளான்படி முன்பக்கம் 40-க்கு 15, அதாவது 600 சதுர அடி. பின்பக்கம் 40-க்கு 10, அது 400. இரண்டு பக்கச் சந்தும் மூன்றரை அடி, நான்கு அடி, நீளம் 35, சேர்த்து 262. ஆக 1,262. இதில் பின் மதில் ஓரம் செடிக்காக 3 அடி அகலத்துக்கு விட்டிருக்கிற பாத்தி 120, வேப்பமரத்தைச் சுற்றி 5-க்கு 5 விட்டால் 25, வெளிப் படிக்கட்டு நிற்கிற இடம் 42. கழித்தால் 1,075 சதுர அடிதான் கல் போட வேண்டிய இடம். 225 சதுர அடி சும்மா ஏறி நிற்கிறது, 118 ரூபாய் ரேட்டில் அது மட்டும் 26,550.

கர்ப் ஸ்டோனும் அப்படித்தான். ஓரக்கல் எதற்கு? கல் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள. உங்களுக்கு கேட் வாயில் தவிரச் சுற்றிலும் மதில், நடுவில் வீட்டுச் சுவர், அவையே பிடித்துக்கொள்ளும். கேட் வாயில் 12 அடி, பாத்தி ஓரம் 40, மரத்தைச் சுற்றி 20, மொத்தம் 72 அடி வைத்தால் போதும். இந்த இரண்டு அளவையும் திருத்திவிட்டு அதே 118, அதே 70, அதே ஜி.எஸ்.டி. போட்டுப் பார்த்தேன்: 1,55,630. ஒரு பைசா பேரம் பேசாமல் 45,000 ரூபாய் குறைகிறது. இதில் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. அளவு யாரும் கொடுக்காவிட்டால் எந்த கான்ட்ராக்டரும் தன் கைக்கு நஷ்டம் வராத மாதிரி கூட்டித்தான் போடுவார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பள்ளியில் கிராஃப் தாள் இருக்குமே, ஒன்று எடுத்து வந்து வீட்டைச் சுற்றி டேப் பிடித்து அளந்து படம் போடுங்கள். சம்ப் மூடி, போர், செப்டிக் டேங்க் மூடி, சேம்பர்கள், மழைநீர்க் குழி எல்லாம் எங்கே இருக்கிறது என்று அதில் குறியுங்கள். ஒவ்வொரு மூடியையும் புதுத் தள மட்டத்துக்கு உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கும். இப்போது எண்ணிச் சொல்லாவிட்டால், வேலை பாதி நடக்கும்போது மேஸ்திரி வந்து 'மேடம், மூடிக்குத் தனியாக ஆகும்' என்பார், அப்போது நீங்கள் மறுக்க முடியாது.

அப்புறம் கடப்பாரை, மண்வெட்டியோடு ஒரு ஆளைப் பிடித்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒன்றரை அடிக்குக் குழி தோண்டச் சொல்லுங்கள். குழிக்குள் அளவுகோலை வைத்து ஒரு போட்டோ. உங்கள் கேஸில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வீடு கட்டும்போது சுற்றி சரள் அடித்திருக்கிறார்களா, இல்லை மேலிருந்து கீழ்வரை கரிசலா என்று தெரிய வேண்டும். கரிசல் மழையில் பொங்கும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் நேரடியாக டஸ்ட் போட்டு அடுக்கினால் ஒரே மழைக்காலத்தில் தளம் அலை அலையாகிவிடும், கார் சக்கரம் போகிற தடம் இரண்டு கோடாக உள்ளே இறங்கும். அந்த 62 ரூபாயை இரண்டாவது தடவையும் கொடுக்க நேரும்.

முழுக்க கரிசல்தான் என்றால் தோண்டி எடுத்துவிட்டு, குறைந்தது ஆறு அங்குலம் சரள் போட்டுத் தண்ணீர் விட்டு மிஷினில் இறுக்க வேண்டும். அதன் மேல் ஒன்றரை அங்குலம் மணல் அல்லது டஸ்ட், அதன் மேல் கல். எல்லாம் சேர்த்துப் பத்து அங்குலம். இப்போதைய மண் மட்டமே கடைசித் தள மட்டம் என்று வைத்துக்கொண்டால் 1,075 சதுர அடிக்கு ஏறக்குறைய 900 கன அடி, நம் பேச்சில் 9 யூனிட் மண் வெளியேற வேண்டும், தோண்டினால் இன்னும் பொங்கிக் கூடும். அதை யார் ஏற்றி எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? மூன்று தாளிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கல்லை இறக்குகிற கூலியும் இல்லை. 60 மி.மீ. கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ, உங்கள் வீட்டுக்கு 14 டன். லாரி தெருவுக்குள் வருமா, வந்தாலும் பின்பக்கத்துக்கு மூன்றரை அடிச் சந்து வழியாகத் தலைச்சுமையாகத்தான் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கல்லின் கனம். 118-காரர் சொல்கிற 80 மி.மீ. உங்களுக்குத் தேவையா? ஐ.எஸ். 15658 என்று பேவர் பிளாக்குக்கு ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, அதன்படி கார் நிறுத்துமிடங்களுக்கே 60 மி.மீ., எம் 35 என்கிற வலிமைத் தரம் போதும். வீட்டு காருக்கு அது தாராளம். ஒரே ஒரு கேள்வி: கோடையில் தண்ணீர் லாரி வாங்குகிறீர்களா, வாங்கினால் அது கேட்டுக்குள் வந்து சம்ப்பில் ஊற்றுகிறதா? 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன், அது ஏறுகிற இடத்துக்கு 80 வேண்டும். தெருவில் நின்று ஹோஸ் போடுகிறது என்றால் எல்லா இடத்துக்கும் 60 போதும். கலர் கல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சாம்பல் நிறத்துக்கும் கலருக்கும் தனித்தனி ரேட் கேளுங்கள்.

மட்டம் பற்றியும் அந்தத் தாளில் எழுதியே ஆக வேண்டும், இதில் நானே சூடு பட்டவன். என் வீட்டில் போட்டபோது சதுர அடி ரேட்டைப் பேசியதோடு சரி, முடிந்த தளம் எந்த உயரத்தில் நிற்கும் என்று கேட்கவில்லை. வேலை முடிந்து சாயங்காலம் காரை எடுக்கப் போனால் கேட் பாதி திறந்து கல்லில் இடித்து நின்றுவிட்டது. வெல்டரைக் கூப்பிட்டு கேட்டின் அடியை அறுத்ததில் 4,500 ரூபாய். கான்ட்ராக்டர், 'கேட்டை நீங்கதான் சார் பார்த்திருக்கணும்' என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயம்தான்! உங்கள் கேட் உள்பக்கம் திறக்கிறது, அடியில் எத்தனை அங்குலம் இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஓட வாட்டம் குறைந்தது நூற்றுக்கு ஒன்று, முடிந்தால் ஐம்பதுக்கு ஒன்று. முன்பக்கம் 15 அடிக்கு ஐம்பதுக்கு ஒன்று என்றால் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இறக்கம் வரும். அந்த இறக்கம் தெருவைப் பார்த்து இருக்க வேண்டாம், மழைநீர்க் குழியைப் பார்த்து இருக்கட்டும். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் அந்தக் குழி கட்டாயம், கட்டிய குழி தண்ணீர் போகாமல் மூடிக்கிடக்கிற வீடுகள்தான் ஏராளம்.

கேமரா ஒயர், தோட்டத்துக் குழாய் என்று பின்னால் எதுவும் வரும் என்றால், கல் போடுவதற்கு முன்பே இரண்டு இடத்தில் வெறும் பி.வி.சி. பைப் புதைக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம், பிறகு தளத்தைப் பெயர்க்க வேண்டாம்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி, படத்தோடும் குழி போட்டோவோடும் மூன்று பேருக்கும் ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மண் எடுத்து வெளியேற்றுவது, சரள், கல், போடுகிற கூலி, ஓரக்கல், மூடி ஒன்றுக்கு எவ்வளவு, இறக்குகூலி, ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள். கடைசிப் பில் வேலை முடிந்தபின் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளந்த அளவுக்குத்தான், வெட்டி வீணான கல் அவர் கணக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். ஒருவர் 'இதெல்லாம் எதுக்கு மேடம், நாங்க பார்த்துக்கிறோம்' என்றால் அவரை விட்டுவிடலாம். மீதிப் பேரிடம், இரண்டு மழைக்காலம் தாண்டிய அவர்களுடைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். போன மாதம் போட்டது எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

ஜி.எஸ்.டி. கேட்கிறவரிடம் பதிவு எண்ணை வாங்கி அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு இல்லாதவர் வரியை வசூலிக்கவே கூடாது, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. 'பில் வேண்டாம் என்றால் 18 சதவிகிதம் மிச்சம்' என்று ஆசை காட்டுவார்கள். பில் இல்லாவிட்டால் நாளைக்குத் தளம் இறங்கினால் எதை வைத்துக் கேட்பீர்கள்? பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது புதிதாகப் போட்ட தளத்தை மேம்பாட்டுச் செலவாகக் காட்டவும் அந்தப் பில்தான் வேண்டும், அதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். சாமான் வந்து இறங்கும்போது ஒரு பகுதி, சரள் இறுக்கி முடித்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பகுதி, அளந்த பிறகு மீதி. அதில் பத்து சதவிகிதத்தை முதல் நல்ல மழை பெய்து தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை என்று பார்க்கிறவரை பிடித்து வையுங்கள். இதையும் முன்கூட்டியே தாளில் எழுதினால்தான் செல்லும், கடைசி நாளில் சொன்னால் சண்டைதான். வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும், ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கரிசலில் தோண்ட முடியாது, கால் வைக்கவே முடியாது.

இனி உங்கள் கடன் கேள்வி. நகையும் வேண்டாம், எஃப்.டி.யை உடைக்கவும் வேண்டாம் என்பது என் பக்கம். உடைத்தால் வட்டியில் பிடித்தம் போகும். அதே வங்கியில் எஃப்.டி. மேல் கடன் கேளுங்கள், வழக்கமாக எஃப்.டி. வட்டியைவிட ஒன்று முதல் இரண்டு சதவிகிதம்தான் கூடுதல், எடுத்த தொகைக்கும் எடுத்த நாளுக்கும் மட்டும் வட்டி. உங்கள் கணவர் மாதாமாதம் அனுப்புகிறதில் சீக்கிரமே அடைத்துவிடலாம். வளைகாப்புக்கு நகை கையில் இருக்க வேண்டுமே, அதையும் யோசியுங்கள்.

புது விலையும் கைக்கு மீறினால் பின்பக்கத்தை அடுத்த வருடத்துக்கு விடுங்கள். அங்கே பாத்தியும் மரமும் போக 255 சதுர அடிதான், வளைகாப்புக்கு வருகிறவர்கள் யாரும் அங்கே போகப் போவதில்லை. ஆனால் விலை கேட்கும்போது முன், பக்கம், பின் என்று மூன்றாகப் பிரித்தே கேளுங்கள். மூன்று தாளும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அந்தக் குழி போட்டோவையும் மறக்காமல்.