வைகை மணலும் டாக்கா மஸ்லினும்: இந்திய ஆங்கிலக் கவிதை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: புலன் படிமம் என்பது வர்ணனைக்கு இன்னொரு பெயர்தானே?

இல்லை. வர்ணனை ஒன்றைக் காட்டும். படிமம் அது நம் உடம்பில் படுவதைச் சொல்லும். அருண் கொலட்கரின் 'ஜெஜுரி' (1976) என்ற கவிதைத் தொகுப்பு, மகாராஷ்டிரத்தின் கோயில் ஊரான ஜெஜுரிக்குப் போகும் ஒரு பஸ் பயணத்தில் தொடங்குகிறது. தார்ப்பாய்த் திரையை இழுத்து மூடியிருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. குளிர்காற்றில் தார்ப்பாயின் ஓரம் முழங்கையில் அடிக்கிறது. ஒரு கிழவரின் மூக்குக்கண்ணாடியில் பயணியின் முகமே இரண்டாகத் தெரிகிறது. கோயிலுக்குப் போகிறவனுக்கு நம்பிக்கை உண்டா என்று கவிஞர் விளக்குவதே இல்லை. அந்தக் கண்ணாடியே போதும்.

கேள்வி: நம் மண்ணின் வாசனைக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. அப்புறம் அதில் எழுதினால் மண் எப்படி வரும்?

ஏ.கே. ராமானுஜனின் 'தி ஸ்டிரைடர்ஸ்' (1966) தொகுப்பில் மதுரை ஆற்றைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது, படியுங்கள். கோடையில் மணல் விலா எலும்பாகத் தெரிகிறது. பாலத்தடியில் துருப்பிடித்த கம்பிகளில் வைக்கோலும் பெண்களின் தலைமுடியும் சிக்கிக் கிடக்கின்றன. ஈரக் கற்கள் தூங்கும் முதலைகள், காய்ந்தவை மழித்த எருமைகள். எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள்தான். வெள்ளத்தை மட்டும் பாடிய கவிஞர்கள் பார்க்காததை அவர் பார்த்தார், அதனால் மண் வந்தது. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர். உணர்ச்சியைச் சொல்லாமல் பொருளை முன்னால் வைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: தொடுகைக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் அம்மா. எங்கே பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவதுதான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆகா ஷாஹித் அலி டாக்கா மஸ்லின் என்ற மிக மெல்லிய பருத்தித் துணியைப் பற்றி எழுதிய கவிதை. அதை உடுத்துவதோ தொடுவதோ எப்படி இருக்கும் என்று இப்போது யாருக்கும் தெரியாது என்கிறார் கவிதையில் வரும் பாட்டி. பாட்டியின் அம்மாவுக்குச் சீராக வந்த புடவையை மோதிரத்துக்குள் இழுத்துப் பார்த்து அசல் என்று உறுதி செய்கிறார்கள். பிறகு அது கிழிந்து, கைக்குட்டைகளாகி, அவையும் தொலைந்துபோகின்றன. நெய்தவர்களின் கைகளை வெட்டிய கதையும் கவிதைக்குள் வருகிறது. பல வருஷம் கழித்து ஒரு இலையுதிர்காலக் காலையில் பனி படிந்த காற்றைப் பாட்டி தன் மோதிரத்துக்குள் இழுக்கிறார். அந்த மென்மை திரும்பி வருகிறது. இல்லாத துணியை நம் விரல்நுனியில் வைத்துவிடுகிறார் ஷாஹித். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என் விரல்கள் தாமாக ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும்.

கேள்வி: வறுமையைக்கூட இப்படி அழகாக்கிவிட மாட்டார்களா?

அந்த ஆபத்து உண்டு. ஜெயந்த மகாபாத்ராவின் 'பசி' கவிதை அதில் விழவில்லை. மீனவர் ஒருவர் தன் மகளையே விலை பேசும் கதை அது. எண்ணெய் விளக்கின் பிசுபிசுத்த கரியும் தோலைக் கீறும் ஓலையும் வருகின்றன. கடைசியில் உள்ளே மீன் நெளிகிறது. ரசிக்க எங்கேயும் இடம் கொடுக்கவில்லை.

கேள்வி: என் கவிதையில் மல்லிகை, மழை, காபி மணம் எல்லாம் இருக்கிறது. படிப்பவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்கிறார்கள்.

மூன்றில் இரண்டை எடுத்துவிடுங்கள். கமலா தாஸ் கல்கத்தா கோடையைச் சொல்ல ஏப்ரல் வெயிலை ஆரஞ்சுபோலப் பிழிந்து கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார். வெக்கை, ருசி, போதை எல்லாம் அந்த ஒரு கிளாஸுக்குள் வந்துவிடுகின்றன. சரி, உங்கள் மல்லிகை யார் தலையில் இருந்தது? காலையில் வைத்ததா, ராத்திரி வாடியதா? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.