பிலார் என்ற ஸ்பானியப் பெண்பெயருக்குத் தூண் என்பதுதான் பொருளா?

அகராதிப்படி தூண்தான். ஆனால் குழந்தைப் பெயர்த் தளங்கள் எழுதுவதுபோல, 'தூணைப் போல் உறுதியானவள்' என்ற கருத்தில் பிறந்த பெயர் அன்று அது. முழுப்பெயர் மரியா டெல் பிலார், அதாவது 'தூணின் மரியா'. மாதாவின் பட்டப்பெயர் ஒன்று சுருங்கியே பிலார் ஆயிற்று. நம்மூரில் ஆரோக்கியமேரி என்று பெயரிடுகிறவர்கள் உடல்நலத்தைவிட வேளாங்கண்ணி மாதாவையே நினைப்பதைப் போன்றது இது.

அந்தத் தூண் எப்ரோ ஆற்றங்கரையில் உள்ள சரகோசா நகரில் இருக்கிறது. நம் கடலோரக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்றழைக்கும் அப்போஸ்தலர் யாக்கோபு, ஸ்பெயினில் போதித்தும் பலன் காணாமல் சோர்ந்திருந்தபோது, எருசலேமில் அப்போது உயிரோடிருந்த மரியாளே கி.பி. 40-இல் ஒரு கல்தூணின்மேல் அவருக்குக் காட்சியளித்தார் என்பது மரபு. இந்தக் கதை எழுத்தில் இடம்பெற்றது பல நூற்றாண்டுகள் கழித்தே என்பதால் இதை வரலாறாகக் கொள்ள இயலாது. பெயரின் பிறப்பை விளக்குவதற்கு நம்பிக்கையே போதும்.

இன்றைய பேராலயத்தில் தூணின் பெரும்பகுதியை அங்கி மூடியிருக்கும்; மாதந்தோறும் 2, 12, 20 ஆகிய நாள்களில் மட்டும் அதைக் களைவார்கள். அதன்மேல் நிற்கும் மரச்சிலை ஒரு முழ உயரம்கூட இல்லை. சிற்றாலயத்தின் பின்புறத் திறப்பு வழியாகப் பக்தர்கள் தலைமுறை தலைமுறையாக முத்தமிட்டதில் கல் குழிந்தே போயிருக்கிறது.

ஸ்பானிய மொழியில் தூணைக் குறிக்கும் சொல் ஆண்பால் என்பதால், அது எவ்வாறு பெண்பெயராயிற்று என்ற ஐயம் மொழி பயில்வோருக்கு எழுவதுண்டு. ரொசாரியோ, கொன்சுவேலோ போன்ற ஆண்பாற் சொற்களும் பெண்பெயர்களாக வழங்குவதற்குக் காரணம் ஒன்றே: அவற்றின் முன்னால் சொல்லாமல் விடப்பட்ட ஒரு மரியா இருக்கிறார். டொலோரெஸ், மெர்செடெஸ் ஆகியவையும் இவ்வாறு மரியா மறைந்து நிற்கும் பெயர்களே.

திருநாள் அக்டோபர் 12. 1492-இல் கொலம்பஸ் கரை கண்ட நாளும் அதுவே. ஸ்பெயினின் தேசிய நாளும் அதுவே. ஸ்பானியர் பிலிப்பைன்ஸுக்கும் இப்பக்தியைக் கொண்டு சென்றனர். சம்போவாங்காவில் உள்ள கோட்டைக்கு பிலார் கோட்டை என்றே பெயர்.

வீட்டில் பிலி என்று சுருக்கி அழைப்பார்கள். இன்று இப்பெயரை மூத்த தலைமுறைப் பெண்களிடமே அதிகம் காணலாம். அவர்களில் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அக்டோபர் 12 அன்று பெயர்நாள் வாழ்த்துச் சொல்லுங்கள்.