கேம் கன்சோல்களின் (வீடியோ கேம் ஆடும் கருவிகளின்) ஆண்டு விற்பனையை எப்படி ஒப்பிடுவது? அடுத்த ஆண்டைக் கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் எந்த ஆண்டு என்று பாருங்கள். கன்சோல் தயாரிக்கும் சோனி, நின்டெண்டோ இரண்டுக்கும் கணக்கு ஆண்டு, நம் ஊர் வரிக் கணக்கு போல ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அதை ஜனவரி–டிசம்பர் எண்ணோடு வைத்துப் பார்த்தால் ஒப்பீடே தப்பு.

அப்புறம், நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் கடைக்கு அனுப்பிய எண்ணிக்கை. புதுச்சேரி நேரு வீதியில் என் சித்தப்பா கடை. தீபாவளிக்கு இறக்கிய நான்கு கன்சோல் பெட்டிகளில் ஒன்று, பொங்கல் கழிந்தும் மேல்தட்டில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. கம்பெனிக் கணக்கில் அது எப்போதோ விற்றாயிற்று! மைக்ரோசாஃப்ட் 2015 முதல் எண்ணிக்கையே வெளியிடுவதில்லை. அதன் கன்சோலான எக்ஸ்பாக்ஸுக்கு நீங்கள் பார்ப்பதெல்லாம் மதிப்பீடுதான்.

சரி, கணிப்புக்கு வருவோம். நாட்காட்டியை விட்டுவிட்டு கன்சோலின் வயதைப் பாருங்கள். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் 2017 மார்ச்சில் வந்தது. 2017-18இல் சுமார் 1.5 கோடி, பிறகு 1.7, 2.1, 2.88 கோடி என்று ஏறி, அடுத்த ஆண்டே 2.3 கோடிக்கு இறங்கியது. அந்த 2.88 கோடி ஊரடங்கு ஆண்டு. அங்கிருந்து நேர்கோடு போட்டவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5 இதற்கு நேர்மாறு. 2021-22இல் 1.15 கோடிதான். வாங்க ஆள் இருந்தது, சிப் கிடைக்கவில்லை. தட்டுப்பாடு தளர்ந்ததும் அடுத்த ஆண்டு 1.91 கோடி. 2023-24க்குச் சோனியே 2.5 கோடி இலக்கு வைத்து, 2.08 கோடியில் நின்றது. அதனால் நான் ஒற்றை எண் சொல்ல மாட்டேன். 'இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்' என்றுதான் சொல்வேன்.