அம்மிணி வேலையை விட வேண்டாமுங்க

போன சனிக்கிழமை காலை சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா 16 தறி ஓட்டுகிறவர். அம்மா கையில் ஒரு கட்டைப்பை, அதற்குள் மகளின் சான்றிதழ்கள் எல்லாம். மகள் சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து, ஹாஸ்டலுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தாள். கண் சிவந்து கிடந்தது.

அப்பா ஒரு நோட்டீஸை மேசையில் விரித்தார். பெங்களூரில் ஒரு பயிற்சி நிறுவனம். சிசிஐஇ என்கிற நெட்வொர்க் சான்றிதழுக்கான வகுப்பு, 9 மாதம், முழுநேரம். கட்டணம் 4,25,000 ரூபாய். "வேலை உறுதி" என்று சிவப்பு எழுத்தில்.

"ஏனுங்க, இதுல சேத்துடலாமுங்களா? வேலைய விட்டுப்போட்டுத்தான் போகோணும்ங்கறாங்க. எந்தங்கச்சி பையன் டெக்சாஸ்ல இருக்கறான். அந்த நம்பர் மட்டும் வாங்கிட்டா அப்பறம் நிக்கவே வேண்டாம்னு சொல்றான். தங்கச்சியும் விடாம போன் பண்ணீட்டே இருக்குது."

பிள்ளை நல்லாத்தான் இருக்கிறாள், பயப்படாதீங்க என்று ஒரு பத்து நிமிஷம் பேசிப் பார்த்தேன். அது சரிப்படவில்லை. நோட்டீஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். ஏன் என்று அன்றைக்குச் சொன்னதை, ஊர் விவரத்தைக் கொஞ்சம் மாற்றி இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி நோட்டீஸோடு இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று தெரியும்.

சிசிஐஇ மட்டமான படிப்பு இல்லை. நெட்வொர்க் கருவிகள் செய்கிற சிஸ்கோ கம்பெனி 1993இல் அதைத் தொடங்கியது. நெட்வொர்க் துறையில் இன்றைக்கும் அதற்குத் தனி மரியாதை உண்டு. தேறியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். டெக்சாஸ் மாப்பிள்ளை சொல்கிற நம்பர் அதுதான். முதலில் 350-401 என்கிற என்கோர் தேர்வு. அதைத் தேறி 3 ஆண்டுக்குள் 8 மணி நேர லேப் தேர்வு, அதாவது செய்முறைத் தேர்வு எழுத வேண்டும். 3 மணி நேரம் வடிவமைப்பு. மீதி 5 மணி நேரம் கட்டுவதும், ஓட்டுவதும், பழுது பார்ப்பதும். லேப் கட்டணம் மட்டும் ஒரு தடவைக்கு 1,600 டாலர். தவறினால் மறுபடி 1,600.

இந்தத் தேர்வுக்கு முன் 5 முதல் 7 வருஷ அனுபவம் இருப்பது நல்லது என்று சிஸ்கோவே சொல்கிறது. உங்கள் மகளுக்கு ஆனது இரண்டு வருஷம். அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, அனுபவம் கேட்கிற தேர்வுக்குப் போகச் சொல்கிறது அந்த நோட்டீஸ். நம்பரோடு இன்டர்வியூவுக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்பரைப் பற்றிக் கேட்க மாட்டார். "கடைசியா நீ சரிபண்ணின பிரச்சினை என்னம்மா?" என்பார். ஒன்பது மாதமாக எதையும் தொடாதவள் என்ன சொல்வாள்?

பணக் கணக்கையும் அங்கேயே போட்டோம். தறிக்காரருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை, பேனாவை அவரிடமே கொடுத்தேன். கட்டணம் 4,25,000. ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 12,000 வீதம் 1,08,000. வேலையை விட்டால் போகிற சம்பளம், மாதம் 27,000 வீதம் 2,43,000. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் "தேர்வுக் கட்டணம் தனி" என்றிருந்தது. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் என்கோருக்கு 400 டாலர், 36,000. லேப் ஒரு தடவைக்கு 1,44,000. மொத்தம் 9,56,000. அதுவும் முதல் தடவையிலேயே தேறினால். வரி வேறு. பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என் பேனா என்பது ஞாபகமில்லாமல்.

நகை அடகுக்கோ, காட்டை விற்கவோ இந்தப் படிப்புக்காக நான் சம்மதிக்கவே மாட்டேன். இதில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. ஏழெட்டு வருஷத்துக்கு முன் காங்கேயம் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு, இப்படி ஒரு முழுநேர வகுப்புக்குப் போ என்று நானேதான் சொன்னேன். அங்கே பாடத்தைவிட டம்ப்தான் அதிகம். தேர்வில் வந்த கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் திரட்டி பிடிஎஃப் ஆக்கி மனப்பாடம் பண்ண வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். எழுத்துத் தேர்வைத் தேறினான். லேப்பில் இரண்டு தடவை தவறினான். ஒன்றரை வருஷம் வேலை இல்லாமல் இருந்து, விட்ட சம்பளத்தைவிடக் குறைவான சம்பளத்துக்குத் திரும்பப் போனான். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டம்ப் பார்த்து எழுதியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யும், மறுபடி எழுதவும் தடை போடும். "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று எந்த நிறுவனமாவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பேங்க் பரீட்சை, எம்பிஏ, அமெரிக்காவில் எம்எஸ், ஏஐ வகுப்பு இதெல்லாம் சொல்ல சொந்தத்தில் ஆளுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மிணிக்கு எது பிடிக்கிறது என்று கேட்டேன். அதுவரை வாய் திறக்காதவள், என் மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகைக் கவரைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தாள்.

அவள் வேலை என்ஓசியில், அதாவது நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற இடத்தில், எல்1 என்கிற முதல் நிலை. ராத்திரி 2:40க்குத் திரையில் சிவப்பு விழும். எங்கோ ஒரு கிளை அலுவலகத்தின் இணைப்பு அறுந்திருக்கும். டிக்கெட் என்கிற புகார்ப் பதிவு போட வேண்டும், இணைப்புக் கம்பெனிக்குப் போன் அடிக்க வேண்டும், ஆகவில்லை என்றால் அடுத்த நிலையான எல்2 ஆளை எழுப்ப வேண்டும். அத்தோடு இவள் வேலை முடிந்தது. முந்தின வாரம் அப்படி ஒரு டிக்கெட். இரண்டு ரவுட்டருக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப், அதாவது அவை வழி விவரம் பரிமாறிக்கொள்கிற முறை, சேரவில்லை. எக்ஸ்ஸ்டார்ட் என்கிற நிலையிலேயே நின்றுகொண்டிருந்தது. எல்2 ஆள் வந்து ஐந்தே நிமிஷத்தில் சரி செய்துவிட்டுப் போய்விட்டார். இவள் விடவில்லை. டிக்கெட்டில் அவர் எழுதியிருந்த இரண்டு வரியைப் படித்துக் காரணத்தைப் பிடித்திருக்கிறாள். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அளவுக்கு எம்டியு என்று பெயர். ஒரு பக்கம் எம்டியு 1500, இன்னொரு பக்கம் 1400.

"ரெண்டு பேரும் வணக்கம் சொல்லிக்குவாங்கப்பா. அதுல சிக்கல் இல்ல. அப்பறம் அவங்கவங்க பட்டியல மாத்திக்கோணும். அதுல நான் இத்தாப்பெரிய மூட்டை அனுப்புவேன்னு ஒருத்தர் எழுதுவாரு, எங்கதவு அத்தன பெருசில்லன்னு இன்னொருத்தரு வாங்கவே மாட்டாரு. அப்படியே நிக்கும்."

"துணிப் பீசு வண்டில ஏறாத மாதிரி," என்றார் அப்பா. இரண்டு வருஷத்தில் மகள் ராத்திரியில் என்ன செய்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பிள்ளையை இந்த வேலையிலிருந்து எடுப்பதா? அவளுக்கு வேண்டிய வகுப்பு அந்த ராத்திரி ஷிப்ட்தான், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

நான் சொன்ன வழி சிஸ்கோவின் இன்னொரு சான்றிதழ், சிசிஎன்பி என்டர்பிரைஸ். கேட்டவுடன் அப்பாவின் முகம் விழுந்தது. ஒரு படி கீழே இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும். பொறுங்கள். சிசிஎன்பிக்கு இரண்டு தேர்வு. ஒன்று அதே என்கோர். சிசிஐஇ லேப்புக்கு வாசலும் அதுதான். ஆக அந்த 36,000 இரண்டு பக்கமும் பேசும். இரண்டாவதாக ஒரு விருப்பத் தேர்வு, 300 டாலர். நிறையப் பேர் சுலபமானது எது என்று தேடுவார்கள். நான் இவளுக்கு 300-410, என்ஆர்சியைத்தான் சொன்னேன். ரவுட்டிங்கில் பழுது கண்டுபிடிப்பதுதான் அதன் உயிர். கவரில் படம் வரைகிற பிள்ளைக்கு அதை விட்டால் எது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கல்லூரிக் கடைசி வருஷத்தில் அவள் சிஸ்கோவின் அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏ எழுதியிருக்கிறாள். அது 3 வருஷத்துக்குத்தான் செல்லும். இன்னும் ஏழு மாதத்தில் காலாவதி. அதற்குள் என்கோர் தேறினால் சிசிஎன்ஏ தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதனால் ஆறாவது மாதம் என்கோர் எழுதியே ஆக வேண்டும். தேதியை இப்போதே பதிந்துகொள்ளச் சொல்லிவிட்டேன். தேதி இல்லாத படிப்பு ஆடிக் காத்தில் பறக்கிற பஞ்சு மாதிரி.

பயிற்சிக்கு ரவுட்டர் ஸ்விட்ச் எல்லாம் வாங்கி அடுக்க வேண்டாம். கோவையில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடைகளில் அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல மேசைக் கணினிகள் வரும். 32 ஜிபி ராம் உள்ளது, முடிந்தால் 64க்கு ஏற்றக்கூடியதாகப் பார்த்தால் 30,000 ரூபாய்க்குள் அடங்கும். அதில் சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் போடலாம், கணினிக்குள்ளேயே ரவுட்டர்களை ஓட்டிப் பழகுகிற மென்பொருள் அது. இலவசப் பதிப்பிலேயே 5 கருவிகளை ஓட்டலாம், முதல் மூன்று மாதத்துக்கு அது போதும். அப்புறம் வருஷம் 199 டாலர் கொடுத்தால் 20 கருவி. சிஸ்கோவின் ரவுட்டர் மென்பொருள் அதிலேயே முறையாக வந்துவிடும், யாரிடமோ பென் டிரைவில் வாங்க வேண்டாம். அதே மாதிரியான ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் நல்லவைதான், ஆனால் அவற்றுக்கு மென்பொருளை நாமேதான் தேட வேண்டும். பிஜிபி என்கிற இணைய வழிமுறையும் ஐபிவி6 என்கிற புது முகவரி முறையும் கையில் பழக, ஆசிய பசிபிக் பகுதிக்கு இணைய முகவரி வழங்குகிற ஏப்னிக் அமைப்பின் அகாடமியில் இலவசப் பாடங்களும் லேப்களும் இருக்கின்றன. நம் ஊரில் அதைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், வருத்தமாக இருக்கிறது.

படிக்கிற முறைதான் முக்கியம். ஷிப்ட் முடியும்போது அன்றைய டிக்கெட்டுகளில் எல்2 ஆள் எழுதியதைப் படிக்க வேண்டும். என்ன அறிகுறி, என்ன காரணம், எந்தக் கட்டளையில் தெரிந்தது, மூன்றையும் தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பெயர், ஐபி முகவரி, கருவி அமைப்பு விவரம் (கான்பிக்) எதுவும் அந்த நோட்டில் ஏறக்கூடாது. அது வேலைக்கே உலை வைக்கும். பகல் 2 மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை லேப்பில் அதே பழுதை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். எம்டியுவை மாற்றிப் போடு. ஓஎஸ்பிஎஃப் ஏரியா எண்ணைத் தப்பாகக் கொடு. இரண்டு ரவுட்டிங் முறைகளை ஒன்றுக்குள் ஒன்று கலந்து விட்டுச் சுற்றவிடு. என்ன தெரிகிறது என்று பார், அப்புறம் சரிசெய். வாரத்துக்கு ஐந்து நாள், பத்து மணி நேரம். லீவு நாளில் தூங்கட்டும். ராத்திரி ஷிப்டில் தூக்கத்தைத் திருடிப் படித்தவர் யாரும் நல்லபடியாகப் படித்து நான் பார்த்ததில்லை.

என்கோருக்கு ஆறு மாதம், நடுவில் இரண்டு மாத மூச்சு, என்ஆர்சிக்கு ஆறு மாதம். கணினி, லேப் மென்பொருள், இரண்டு தேர்வு எல்லாம் சேர்த்து 1,11,000, வரி தனி. 14 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் எட்டாயிரத்துக்குப் பக்கம். அதை அம்மிணி தன் சம்பளத்திலிருந்தே போடட்டும், அப்பா கை வைக்க வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை. தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று மேனேஜரிடம் மெயிலில் கேட்டுவிடுவதும் நல்லது. தருவோம் என்றால், அதற்குப் பதிலாக எத்தனை வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் எல்2 இடம் காலியானால் கேட்க வெட்கப்படக் கூடாது. சிசிஐஇ பேச்சை எல்2வில் இரண்டு வருஷம் இருந்த பிறகு எடுப்போம். லேப் பெங்களூரிலேயே இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது.

கிளம்பும்போது அம்மாதான் உண்மையான பயத்தைச் சொன்னார். "கண்ணாலத்துக்குப் பாக்கறவங்க ராத்திரி வேலைன்னா யோசிக்கறாங்க. நம்பர் இருந்தா கேக்க மாட்டாங்கன்னு நாத்தனார் சொல்றாங்க."

நம்பரைப் பார்த்துப் பெண் கேட்கிற மாப்பிள்ளை வீடு, நாளைக்கு இன்னொரு நம்பரைக் கேட்கும். இதை அவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். ராத்திரிப் போக்குவரத்தைப் பற்றிப் பயம் என்றால் அது வேறு. ஹாஸ்டல் வாசல் வரை கம்பெனி கேப் வருகிறதா, கூடக் காவலாள் வருகிறாரா என்று கேளுங்கள். அதற்காகச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

திங்கட்கிழமை அப்பா போன் செய்தார். கணினி வாங்கியாயிற்றாம். இரண்டு நாள் லீவுக்கு வீட்டுக்கு வருகிறவள் அங்கேயும் படிக்கலாம் என்று தறிக் கொட்டகைக்கு ஒட்டின அறையில் மேசை போட்டிருக்கிறார். அங்கே வேண்டாமுங்க, மாடிக்கு ஏற்றிவிடுங்க என்றேன். பஞ்சு பறந்து காற்றாடிக்குள் போய் ஒரு மாதத்தில் அடைத்துவிடும், சூடு ஏறித் தானாக அணையும். மாடியிலும் வாரம் ஒருமுறை பக்கப் பலகையைக் கழற்றி ஊத வேண்டும். தறிக்கு ஊதுகிற கம்ப்ரசரை மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தக் காற்றின் வேகத்துக்குக் காற்றாடி இறக்கை உடைந்துவிடும்.