சிகிச்சை முடிந்தது, களைப்பு மட்டும் போகவில்லையே?

கேள்வி: எனக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். இப்போது தினமும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கிற லெட்ரோசோல் மாத்திரை. ரிப்போர்ட் நார்மல் என்கிறார் டாக்டர். ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தூங்கி எழுந்தாலும் களைப்பு தீரவில்லை. பாதம் மரத்தே இருக்கிறது. தெம்பாக இருக்கிற நாளில் வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்தால், அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். வீட்டில் எல்லோரும் "ரெஸ்ட் எடு" என்கிறார்கள். நான் உடற்பயிற்சி செய்யலாமா? அந்தக் கையால் எடை தூக்கலாமா?

பதில்: செய்யலாம், தூக்கவும் செய்யலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை "உடம்பு பழக்கம் விட்டுப்போச்சு" என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். டாக்ஸோரூபிசின் போன்ற சிவப்பு மருந்தோ, டிராஸ்டுஸுமாப் என்ற புற்றுநோய் ஊசி மருந்தோ கொடுத்திருந்தால் அவை இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடும். சிலருக்குச் சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்துக்கூட இது தெரியவரும். இடது பக்க ரேடியேஷன் என்றால் இன்னும் ஒரு காரணம் கூடுகிறது. அதனால் முதலில் டாக்டரிடம் சொல்லி எக்கோ, அதாவது இதய ஸ்கேன், தேவையா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் அதோடு பார்த்துவிடலாம். ரத்தசோகையை வைத்துக்கொண்டு வாக்கிங் போய்ப் பயனில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால், மிச்சம் இருப்பது பெரும்பாலும் புற்றுநோய்க் களைப்பு. இது ஓய்வெடுத்தால் தீருகிற வகை இல்லை. வேலை செய்து அலுத்த உடம்பு தூங்கினால் தெளிந்துவிடும், இது தெளியாது. படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், இளைத்த தசை அதே வேலைக்கு இன்னும் சீக்கிரம் களைக்கும். வீட்டில் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் களைப்புக்கு நல்ல ஆதாரம் உள்ள வைத்தியங்களில் உடற்பயிற்சிதான் முன்வரிசையில் நிற்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த "தெம்பாக இருக்கிற நாள்" தான். அன்றைக்கு எல்லாவற்றையும் செய்து தீர்ப்பது, அப்புறம் இரண்டு நாள் விழுவது. இந்த ஏற்ற இறக்கம் நீடிக்கிறவரை உடம்பு தேறாது. பத்து நிமிட நடையில் களைத்துப்போவீர்கள் என்றால் ஏழு நிமிடத்தில் தொடங்குங்கள். தெம்பான நாளிலும் ஏழுதான். இன்னும் நடக்கலாம் போலிருக்கும், வேண்டாம். சோர்ந்த நாளிலும் அதே ஏழு, வேண்டுமானால் இரண்டாகப் பிரித்து. ஒரு வாரம் தாக்குப்பிடித்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் கூட்டியது அதிகம் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். வேகத்துக்கு அளவு இதுதான்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

போய்ச் சேர வேண்டிய இடம் வாரம் மூன்று நாள், முப்பது நிமிட நடை. இரண்டு நாள் தசைப் பயிற்சி. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019இல் வெளியிட்ட பரிந்துரையும் இதுதான்.

தசைப் பயிற்சியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அதுதான் அதிகம் தேவை. கீமோவோடு கொடுக்கிற ஸ்டீராய்டு தொடைத் தசையை இளைக்க வைக்கும், மாடி ஏறச் சிரமப்படுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எட்டு முறை முடிந்தால் நல்ல தொடக்கம். முடியாவிட்டால் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கை விஷயத்துக்கு வருவோம். நெறிக்கட்டி எடுத்த கையால் பை கூடத் தூக்காதே என்பது பழைய அறிவுரை. மெதுவாக எடையைக் கூட்டிச் செய்த பயிற்சி கை வீக்கத்தை மோசமாக்கவில்லை என்று 2009இல் வெளியான ஆய்விலேயே தெரிந்துவிட்டது. அரைக் கிலோவில் தொடங்குங்கள். முதல் சில தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்வது நல்லது. முன்கையில் ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். ஏற்கெனவே வீக்கம் இருந்தால், அழுத்த உறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பாதம் மரத்திருப்பது பெரும்பாலும் பாக்லிடாக்ஸெல் போன்ற கீமோ மருந்துகளின் வேலை. நரம்பு மெதுவாகத்தான் தேறும், சிலருக்கு முழுதாகத் தேறாமலும் போகலாம். எரிச்சலும் வலியும் இருந்தால் டுலாக்ஸெடின் உதவக்கூடும். மரத்துப்போனதை மாற்றுகிற மாத்திரை என்று ஒன்று இல்லை. நரம்புக்கு நல்லது என்று விற்கிற அசிட்டைல் எல் கார்னிடினைக் கீமோ நேரத்தில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மரமரப்பு கூடத்தான் செய்தது. கேட்காமல் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? பாதம் சொல்ல வேண்டியதை இப்போது கண்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இருட்டில் விழுகிற ஆபத்தும் அதனால்தான். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழகுங்கள். நடக்கப் போகும்போது குதிகால் மூடிய ஷூதான், செருப்பு வேண்டாம். திரும்பி வந்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், கொப்புளம் இருந்தாலும் வலிக்காது.

காலையில் மூட்டு பிடித்துக்கொள்வது லெட்ரோசோலால் வரலாம். அதற்கும் நடை உதவும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலும்பும் தேயும் என்பதால் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, முதுகு வலியோடு கால் பலவீனமாவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். இவை இல்லாமல், பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் களைப்பு அசையவில்லை என்றால், எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று எழுதிய நோட்டோடு போங்கள். தூக்கக் கோளாறும் மனச்சோர்வும் இதே களைப்பாகத்தான் வெளியே தெரியும், இரண்டுக்கும் தனி வைத்தியம் உண்டு.