சாங்ஷன் என்றால் அனுமதியா, தடையா?

கேள்வி: வீட்டுக் கடன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டது என்று வங்கியிலிருந்து தகவல் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். செய்தியைப் போட்டால், ஈரான் மீது அமெரிக்கா ‘சாங்ஷன்’ விதித்திருக்கிறது என்கிறார்கள். கொடுப்பதற்கும் தடுப்பதற்கும் ஒரே சொல்லா?
- வாசகி, தேனி

பதில்: ஆமாம், ஒரே சொல்தான், இரண்டும் சரியான பொருள்தான். லத்தீன் மூலத்துக்கு, புனிதமாக்கி யாரும் மீற முடியாதபடி விதிப்பது என்று அர்த்தம். செயின்ட், சாங்சுவரி எல்லாம் அதே வேரில் வந்தவை. அதாவது வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் ஆங்கிலப் பெயரும் உங்கள் கடன் கடிதமும் ஒருவகையில் பங்காளிகள். ஒன்றைச் சட்டமாக விதித்துவிட்டால் அதற்கு அங்கீகாரம் வந்துவிடுகிறது, மீறுகிறவனுக்குத் தண்டனையும் கூடவே வருகிறது. அங்கீகாரம் என்ற பக்கம் வளர்ந்து ஒப்புதல் ஆனது, தண்டனை என்ற பக்கம் வளர்ந்து தடை ஆனது.

நம் அலுவலகங்களில் பெரும்பாலும் ஒப்புதல்தான். லீவ் சாங்ஷன், சாங்ஷன் ஆன பணியிடம், அப்புறம் 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவில் வருகிற சாங்ஷனும் அரசு ஊழியர் மீது வழக்கை நடத்த அரசு தரும் முன் அனுமதிதான். அதைத் தண்டனை என்று படித்தால் செய்தியே தலைகீழாகிவிடும்.

நாடுகள் விஷயத்தில் தடை. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா நம் மீது சாங்ஷன் விதித்தது, அதன் தொடர்ச்சியாக உலக வங்கி நமக்குத் தரவேண்டிய சில கடன்கள் சாங்ஷன் ஆகாமல் தள்ளிப்போயின. இரண்டு அர்த்தமும் ஒரே சம்பவத்தில்!

ஆங்கிலத்தில் படிக்கும்போது ‘ஆன்’, ‘அகெய்ன்ஸ்ட்’ சேர்ந்து, பன்மையில் வந்தால் அநேகமாகத் தடை. வினைச்சொல்லாக வரும்போதுதான் சிக்கல், முழு வாக்கியத்தையும் படித்தே தீரவேண்டும். நீங்களே கடிதம் எழுதினால், அனுமதிக்கு ‘அப்ரூவ்’ என்று போட்டுவிடுங்கள், குழப்பமே இல்லை.

இன்னொன்று, இதுதான் உங்களுக்கு அவசரம். சாங்ஷன் ஆனது என்றால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பத்திரங்களைச் சரிபார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அதன் பிறகுதான் பணத்தை விடுவிப்பார்கள். சாங்ஷன் கடிதத்துக்குக் காலக்கெடுவும் உண்டு. அதில் போட்டிருக்கும் தேதி, வட்டி, நிபந்தனைகள் எல்லாவற்றையும் படித்துப் பார்க்காமல் பில்டருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.