பழைய மறைநூல்கள்ல வர்ற மிருகமும் உடம்பும் நம்ம மனசைத்தான் சொல்லுதா, இல்ல நாமளா ஏத்திச் சொல்றோமா?

ரெண்டும் நடக்குது. ஆனா நிறைய இடத்துல நாம ஏத்திச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, நூலே நேரா சொல்லிடுது. கடோபநிஷத்துல யமன், தன்கிட்ட கேள்வி கேட்க வந்த நசிகேதன்ங்கற சிறுவன்கிட்ட சொல்றான், உடம்பு தேர், புலன்கள் குதிரை, மனசு கடிவாளம், புத்தி தேரோட்டி, உள்ள உக்காந்து போறது ஆத்மா. இதுல ஒளிச்சு வெச்ச அர்த்தம்னு எதுவும் இல்ல, உளவியலாவே சொல்லப்பட்டதுதான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கின ஃப்ராய்டும் 1923ல குதிரையத்தான் எடுத்தார், ஈகோங்கறவன் (நமக்குள்ள இருக்கற 'நான்') தன்னவிட பலமான குதிரை (உள்ள இருக்கற ஆசை வேகம்) மேல உக்காந்திருக்கான், பல நேரம் குதிரை போக நினைக்கிற பக்கமே அதை ஓட்டிட்டுப் போக வேண்டியிருக்குன்னு. யமன் அப்படி விட்டுடல, தேரோட்டி சரியா இருந்தா போய்ச் சேரலாம்ங்கறான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பௌத்தத்துல வர்ற ஆறு மிருகம். ஒருத்தன் பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு ஆறையும் தனித்தனி கயித்துல கட்டி, எல்லாக் கயித்தையும் நடுவுல ஒண்ணா முடிச்சுப் போட்டு விட்டுடறான். பாம்பு புத்துக்கு இழுக்குது, முதலை தண்ணிக்கு, பறவை வானத்துக்கு, நாய் ஊருக்குள்ள, நரி சுடுகாட்டுக்கு, குரங்கு காட்டுக்கு, எது அந்த நேரத்துக்கு பலமா இருக்கோ அது பின்னாடி மத்த அஞ்சும் இழுபட்டுப் போகுது. கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனசு ஆறும் இப்படித்தான்னு புத்தர் சொல்றார். எந்த மிருகம் எந்தப் புலன்னு அவர் பிரிச்சுக் குடுக்கல, இன்னைக்கு நாம அட்டவணை போட்டா அது நம்ம வேலை. அப்புறம் அதே ஆறையும் ஒரு உறுதியான தூண்ல கட்டினா? இழுத்து இழுத்து களைச்சுப்போய் தூண் பக்கத்துலயே படுத்துக்கும். அந்தத் தூண் எதுன்னா, உடம்பு மேல வெக்கிற கவனம்! உடம்புதான் ஆசைக்கு காரணம், அதை ஒதுக்குன்னு சொல்வார்னு எதிர்பார்ப்போம், ஆனா மனசு நிக்கிற இடமாவே உடம்பைக் காட்டறார், ஒரு மிருகத்தையும் கொல்லவும் சொல்லல.

திருமூலரும் இதே பக்கம்தான். "உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன், உடம்பினுக் குள்ளே உறுபொருள் கண்டேன்"னு உடம்பு பத்தின பழைய எண்ணத்தையே மாத்திக்கிறார். இன்னொரு பாட்டுல அஞ்சு பால் பசு வருது, அதைப் புலன்கள்னு உரைக்காரங்க சொல்றாங்க, மேய்ப்பார் இல்லாம வெறிச்சுத் திரியுது, மேய்க்க ஆள் வந்து வெறி அடங்கினா அதுங்களே பாலாச் சொரியும்ங்கறார். அடக்கறதுன்னா ஒடுக்கறதுன்னு நினைக்கறவங்க இந்தப் பாட்டை ஒருதடவை நிதானமா படிக்கணும், ஏன்னா ஒடுக்கின பசு பால் குடுக்காது.

ஏத்திச் சொல்றதுக்கு உதாரணம் பைபிளோட முதல் நூலான ஆதியாகமத்துல வர்ற பாம்பு. அந்தக் கதையில அது தந்திரமான ஒரு மிருகம், அவ்வளவுதான், சாத்தான்ங்கற பேரே அங்க கிடையாது. முதல் நூற்றாண்டுல எகிப்து அலெக்சாந்திரியாவுல இருந்த யூதத் தத்துவ அறிஞர் ஃபிலோ அதை உளவியலா படிச்சார், ஆதாம் அறிவு, ஏவாள் புலனுணர்வு, பாம்பு இன்பம், இன்பம் புலன் வழியா வந்துதான் அறிவைப் பிடிக்குதுன்னு. அழகான வாசிப்புதான், ஆனா அது ஃபிலோவோடது, ஆதியாகமத்தோடது இல்ல. பெண்ணை அறிவுக்கு ஒரு படி கீழ வெக்கறதும் அந்த வாசிப்போட சேர்ந்தே வருது, அதை நான் ஏத்துக்க மாட்டேன்.

அதனால யாராவது "இந்த மிருகம் இந்த உணர்ச்சி"ன்னு அடிச்சுச் சொன்னா, அதை நூலே சொல்லுதா, உரைக்காரர் சொன்னாரா, இல்ல சொல்றவரே சேர்த்துக்கிட்டதான்னு கேளுங்க. மூலத்துலேருந்து ஆரம்பிக்கணும்னா கடோபநிஷத்து முதல் அத்தியாயம் மூணாம் வல்லி (பகுதி) போதும், ஆறு மிருகம் சம்யுத்த நிகாயம்ங்கற பௌத்த நூல்ல புலன்கள் பத்தின பகுதியில இருக்கு.